உங்கள் கேள்வியில் விடுபட்டுப்போனவர்கள்

கேள்வி:

ஐயா, ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்காக ஓராண்டாக ஒரு நாட்டில் நிருபராக இருக்கிறேன். ஒரே கட்சி, ஒரே தலைவர் என்று நடக்கிற ஆட்சி. எந்த நாடு என்று எழுத முடியாது, மன்னிக்கவும். இரண்டு மாதத்தில் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். போன மாதம் வடக்கே ஒரு சந்தைக்குப் போயிருந்தேன். காய்கறி விற்கும் ஒரு பெண், தன் கிராமத்தில் குளிர்காலத்தில் பதினொரு பேர் சாப்பாடில்லாமல் செத்துப்போனதாகச் சொன்னார். அவர் சொல்லும்போது என் ஓட்டுநர் பக்கத்தில்தான் நின்றார். நான் 'பட்டினிச் சாவு' என்று எழுதி அனுப்பினேன். தலைமையகத்தில் அதை 'உணவுத் தட்டுப்பாடு' என்று மாற்றினார்கள். "நீங்கள் அங்கே இல்லாவிட்டால் யார் எழுதுவது? விசா முக்கியம்" என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு வெளியேற்றப்படுவது நல்லதா, அடக்கி வாசித்துக்கொண்டு இங்கேயே இருப்பது நல்லதா? எழுத முடியாததையெல்லாம் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அதை என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கோழை இல்லை. கோழையாக இருந்தால் அந்தச் சந்தைக்கே போயிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: நீங்கள், உங்களுக்கு விசா கொடுக்கிற அரசாங்கம். காய்கறி விற்ற பெண்ணும், பக்கத்தில் நின்ற ஓட்டுநரும் கதையைச் சொல்லும்போது வருகிறார்கள். கேள்வி கேட்கும்போது காணாமல் போய்விடுகிறார்கள். நான் அவர்களிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன். அதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாத அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடலாம். அதே சொல் 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய சண்டைக்குக் காரணமாக இருந்தது.

1933 மார்ச். ஸ்டாலின் ஆண்ட சோவியத் ஒன்றியம். வேல்ஸைச் சேர்ந்த கேரத் ஜோன்ஸ் என்ற இளைஞர், வயது 27, மாஸ்கோவில் ரயில் ஏறினார். அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் கார்கிவ் நகரம் வரைக்கும் டிக்கெட் இருந்தது. அவரோ அதற்கு முன்னாலேயே இறங்கி, உக்ரைன் கிராமங்கள் வழியாக நடக்கத் தொடங்கினார். வெளிநாட்டு நிருபர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டிருந்த நேரம் அது. ரஷ்ய மொழி அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன். பன்னிரண்டு கூட்டுப்பண்ணைகள் வழியாக நடந்தார், விவசாயிகளின் குடிசைகளில் படுத்துத் தூங்கினார். எங்கே போனாலும் ஒரே குரல்: ரொட்டி இல்லை, செத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் எழுதியதில் ஒரு காட்சியை என்னால் மறக்கவே முடியாது. ரயிலில் ஒரு கட்சிக்காரர், பஞ்சமா, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். ஜோன்ஸ் தன் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தூக்கி அங்கிருந்த எச்சில் துப்பும் கலத்துக்குள் போடுகிறார். உடன் பயணம் செய்த ஒரு விவசாயி அதை வெளியே எடுத்து அப்படியே தின்றுவிடுகிறார். அடுத்து ஆரஞ்சுத் தோலைப் போடுகிறார். அதையும் எடுத்துத் தின்கிறார். ஜோன்ஸ் அங்கே செய்தது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன், பசித்த மனிதரை வைத்து அப்படிச் சோதித்திருக்கக் கூடாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த எச்சில் கலத்தைப் படித்த பிறகு 'உணவுத் தட்டுப்பாடு' என்று எவரும் எழுத முடியாது.

ஆனாலும் எழுதினார்கள். மார்ச் 29 அன்று ஜோன்ஸ் பெர்லினில் செய்தியாளர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டே நாளில், மார்ச் 31 அன்று, நியூயார்க் டைம்ஸில் அதன் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டியின் மறுப்பு வந்தது. ரஷ்யர்களுக்குப் பசி இருக்கிறது, பட்டினி இல்லை என்பது அதன் சாரம். பட்டினிச் சாவு கிடையாது, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நோய்களில் பரவலாக மரணம் நிகழ்கிறது என்று எழுதினார். முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் பரிசை வாங்கியவர் அவர். ஜோன்ஸ் அதே பத்திரிகைக்கு மறுமொழி எழுதினார். மே மாதம் வெளியானது. தணிக்கை இந்த நிருபர்களை இடக்கரடக்கலில் வித்தகர்களாக்கிவிட்டது, பஞ்சத்துக்கு உணவுத் தட்டுப்பாடு என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அதில் சொன்னார். உங்கள் தலைமையகம் மாற்றிப்போட்ட அதே சொல்தான், தம்பி.

டுராண்டிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம் பேசும்போது, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு கோடிப் பேர்கூட இறந்திருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அது தூதரக ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. (இன்றைய ஆய்வாளர்கள் பலர் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள்.) பேச்சில் ஒரு கோடி, அச்சில் ஊட்டச்சத்துக் குறைவு.

மற்ற நிருபர்கள்? யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் மாஸ்கோ நிருபராக இருந்த யூஜின் லயன்ஸ், 1937-இல் எழுதிய நினைவுக்குறிப்பில் இதை ஒப்புக்கொள்கிறார். அப்போது மாஸ்கோவில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஆறு பேர் மீது வழக்கு. உலகமே அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது. வழக்கு நடக்கிற இடத்துக்குள் போக வேண்டுமானால் தணிக்கை அதிகாரி உமான்ஸ்கியின் தயவு வேண்டும். ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து, ஜோன்ஸை எந்த வாசகத்தில் மறுப்பது என்று நிருபர்கள் பேசி முடித்தார்கள் என்று எழுதுகிறார். வேலை முடிந்ததும் வோட்காவும் தின்பண்டமும் வந்தன. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. "நாம் இங்கே இருக்க வேண்டுமே" என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

சரி, அப்படியானால் மாஸ்கோவில் தங்கியதுதான் அவர்கள் செய்த தப்பா? அப்படி நான் சொல்ல மாட்டேன். தங்கியவர்களில் மான்செஸ்டர் கார்டியனுக்கு எழுதிய மால்கம் மகரிட்ஜும் இருந்தார். தான் கண்டதை, தணிக்கையின் கைக்குப் போகாத தூதரகத் தபால் பையில் வைத்து அனுப்பினார். அந்த மார்ச் மாதமே பெயர் போடாமல் அது வெளியானது. அதே மாஸ்கோ, அதே தணிக்கைதான்.

பெர்லினைப் பாருங்கள். டோரதி தாம்சன் என்ற அமெரிக்க நிருபரை 1934 ஆகஸ்டில், 24 மணி நேரத்தில் வெளியேறு என்று ஹிட்லர் அரசு அனுப்பிவிட்டது. அந்த உத்தரவை அவர் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அது பெருமை, இருக்கட்டும். ஆனால் அதே நகரத்தில் சிகாகோ ட்ரிப்யூனுக்கு எழுதிய சிக்ரிட் ஷுல்ட்ஸ் 1941 வரை தாக்குப்பிடித்தார். பெர்லினிலிருந்து எழுதினால் ஆபத்து என்ற செய்திகளை 'ஜான் டிக்ஸன்' என்ற பெயரில், வேறு நாட்டு ஊர்ப் பெயரைப் போட்டு வெளியிட வைத்தார். 1935-இல் அவர் வீட்டில் யாரோ ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்துப் பார்த்தால் விமான எஞ்சின் வரைபடங்கள். உளவு வழக்கில் மாட்டிவிடும் திட்டம் என்று புரிந்துவிட்டது. கணப்பு நெருப்பில் போட்டு எரித்தார். வெளியே வரும்போது எதிரே வந்த ஆட்களிடம், வீணாகப் போகாதீர்கள், எரித்தாயிற்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்து அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனார். உங்கள் வீட்டுக்கும் இப்படி உறை வரலாம். நீங்கள் கேட்காத எந்தத் தாளையும், எந்தப் பென்டிரைவையும் ஒரு இரவுகூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஆக, தங்கலாம். ஆனால் தங்குவதற்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1933 அக்டோபரில் ஜெர்மனியில் பத்திரிகையாசிரியர் சட்டம் வந்தது. யூதர்கள் பத்திரிகை வேலை செய்யக் கூடாது. அது வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர்களையும் விடவில்லை. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் முதலில் மறுத்துப் பார்த்தது, கடைசியில் 1935-க்குள் ஆறு யூத ஊழியர்களை அனுப்பிவிட்டது. அவர்கள் வெளிநாட்டுக்குப் போக உதவியது என்பதும் உண்மை. ஆனாலும் அமெரிக்க நிருபர்கள் அங்கே இருந்ததற்கான விலையை உள்ளூர்க்காரர்கள் கொடுத்தார்கள்.

இப்போது என் கதை ஒன்று. இதை எழுத்தில் சொல்வது இதுதான் முதல் முறை.

பல ஆண்டுகளுக்கு முன்னால் உங்களுடையதைப் போன்ற ஒரு நாட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தேன். நாட்டின் பெயரை நானும் சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு, நீலக் கோடு போட்ட கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஆறு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் மாதத்தோடு நின்றிருந்தது. அந்த ஏப்ரலில்தான் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவர் தாளைக் கிழிக்கவே இல்லை. நான் ஊருக்குத் திரும்பி, அவர் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வயதைக்கூட மாற்றினேன். காலண்டரை மட்டும் மாற்றவில்லை. அது இல்லாமல் அந்தக் கட்டுரை நிற்காது என்று நினைத்தேன். வாசகர்கள் எல்லோரும் அந்தக் காலண்டரைத்தான் பாராட்டினார்கள்.

அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் காலண்டரைத் தெரியும். நான்கு மாதம் கழித்து என் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து சுற்றிச் சுற்றி ஒரு செய்தி வந்தது. ஆசிரியையைப் பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரும் அதோடு அந்த வேலையை விட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாகூட அடுத்த தடவை கிடைத்தது.

ஜோன்ஸ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போனார் என்பதை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவரோடு வந்ததற்காகப் பதில் சொல்ல வேண்டியவர் என்று யாரும் இல்லை. எச்சில் கலத்தில் கைவிட்ட அந்த விவசாயிக்குப் பெயரில்லை, முகமில்லை, எந்த ஊர்க்காரர் என்றும் தெரியாது. ரொட்டித் துண்டு மட்டும் நம் கண் முன்னால் இருக்கிறது. நான் நேர்மாறாகச் செய்தேன். ஒரே ஒருவர் வீட்டில் மட்டும் இருக்கக்கூடிய பொருளை எடுத்து எழுதினேன். எழுத்தில் ஒரு விவரம் நன்றாக வந்துவிட்டது என்று தோன்றினால், இது எத்தனை வீட்டில் இருக்கும் என்று இப்போது நான் கேட்டுக்கொள்கிறேன். நூறு வீட்டில் இருந்தால் எழுதுவேன். ஒரே வீட்டில் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

உங்கள் செய்தியை அந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். 'வடக்கு மாவட்டச் சந்தை', 'காய்கறி விற்கும் பெண்', 'பதினொரு பேர்'. அந்தச் சந்தையில் வெளிநாட்டு முகத்தோடு பேசியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பதினொரு பேர் செத்த கிராமம் எத்தனை இருக்கும்? தலைமையகம் 'பட்டினிச் சாவு' என்ற சொல்லை எடுத்தது, ஆனால் சந்தையையும் காய்கறியையும் அப்படியே விட்டுவைத்ததா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அவர்கள் எடுத்திருக்க வேண்டியது வேறு, எடுத்தது வேறு. வலைத்தளப் பதிப்பில் இன்னும் திருத்த முடியும் என்றால் இன்றே கேளுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துப் 'பட்டினிச் சாவு' என்று தலைப்பில் போட நானும் சம்மதிக்க மாட்டேன். அதற்காக 'தட்டுப்பாடு' என்று மாற்றவும் விட மாட்டேன். அந்த இடத்தில் பார்த்ததை எழுதுங்கள். ஒரு கிலோ மாவு போன வருடம் என்ன விலை, இப்போது என்ன விலை? ஒரு நாள் கூலியில் எவ்வளவு வாங்கலாம்? சந்தையில் எது இல்லவே இல்லை? கிராமத்தார் புதிதாக எதைச் சமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் எத்தனை பெஞ்சு காலி? இவற்றை மூன்று நான்கு மாவட்டங்களில் சேர்த்தால், எந்த ஊர் என்றும் சொல்ல வேண்டாம், யார் சொன்னார் என்றும் சொல்ல வேண்டாம். அதற்கப்புறம் அந்தச் சொல்லைப் போட நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கூடவே, எந்தெந்தப் பகுதிக்குச் செல்ல நிருபர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி ஒவ்வொரு செய்தியிலும் இருக்கட்டும். எதைப் பார்க்கவிடவில்லை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு வரியைப் போட மறுக்கிற டெஸ்க்கோடு நீங்கள் சண்டை போடலாம், போட வேண்டும். சண்டையை அந்த நாட்டுத் தொலைபேசியில் போடாதீர்கள். விடுமுறைக்கு வெளியே வரும்போது நேரில் போடுங்கள். முழுச் செய்தியை வேறு ஊரிலிருந்து, உங்கள் பெயர் இல்லாமல் வெளியிட முடியுமா என்றும் அப்போது கேளுங்கள். ஷுல்ட்ஸ் செய்தது இன்றும் செல்லும்.

விசா விஷயத்தில் என் கருத்து, இந்த முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில், அங்கே இல்லாத ஒருவர் எழுதியிருக்க முடியாத செய்தி ஒன்றாவது உங்களிடமிருந்து வந்ததா? வரவில்லை என்றால், நீங்கள் அங்கே இருப்பதால் அந்த அரசாங்கத்துக்குத்தான் லாபம். கிளம்பிவிடுங்கள். வெளியேற்ற வைக்க வேண்டும் என்பதற்காக எதையும் எழுதாதீர்கள். உங்களுக்கு விமான டிக்கெட், உங்கள் ஓட்டுநருக்கு விசாரணை அறை.

நோட்டைப் பற்றி. தமிழில் எழுதுவதால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். போனில் படம் எடுத்தால் இன்று எந்த மொழியையும் நொடியில் மாற்றிப் படித்துவிடுவார்கள். ஆனால் எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம். வில்லியம் ஷைரர் என்ற அமெரிக்க வானொலி நிருபர் பெர்லினில் பேசிய ஒவ்வொரு வரியையும், போர் தொடங்கிய பிறகு மூன்று தணிக்கையாளர்கள் பார்த்தார்கள்: பிரச்சார அமைச்சகம், வெளியுறவு அமைச்சகம், ராணுவம். சொல்ல முடியாததையெல்லாம் அவர் டைரியில் எழுதினார். 1940 டிசம்பரில் கிளம்பும்போது டைரிகளை இரும்புப் பெட்டிகளின் அடியில் வைத்தார். அதன் மேல், தணிக்கை முத்திரை குத்திய தன் வானொலிப் பிரதிகளை அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, பறிமுதல் செய்யட்டும் என்றே சில ராணுவ வரைபடங்களை வைத்தார். பெட்டிகளை அவரே ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். வரைபடங்களைப் பிடுங்கிக்கொண்ட திருப்தியில் அவர்கள் பெட்டிக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு டைரி புத்தகமாக வந்தபோது, ஜெர்மனியில் இருந்தவர்களின் பெயர்களை மாற்றியிருந்தார். எனக்கு அந்தப் பெட்டித் தந்திரத்தைவிட இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் அந்தத் தந்திரத்தை முயற்சி செய்ய வேண்டாம். இன்றைக்கு விமான நிலையத்தில் அது நடக்காது. நோட்டை இப்போதே பிடிபட்டது போல வைத்துக்கொண்டு எழுதுங்கள். விலை, தேதி, வானிலை, கேட்ட வாசகம் இருக்கலாம். பெயர், தெரு, உறவுமுறை, தொழில் இருக்கக் கூடாது. ஒரே நாளில் பார்த்த இருவரை அடுத்தடுத்த பக்கத்தில் எழுதாதீர்கள். தேதியை வைத்து உங்கள் கார் போன வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போனில் ஆட்களின் குரல் பதிவு, முகப்படம், தொடர்பு எண் எதுவும் வேண்டாம். ஜோன்ஸ் 1935-இல், முப்பது வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது, சீனாவின் வடக்கே கொல்லப்பட்டார். அவருடைய பயண நோட்டுகளைக் குடும்பத்தார் வைத்திருந்தார்கள். இப்போது அவை வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவசரமாகக் கிறுக்கிய அந்தப் பக்கங்கள் இன்றைக்குச் சாட்சியமாக நிற்கின்றன. உங்கள் நோட்டும் ஒரு நாள் நிற்கலாம், அதில் யாரும் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால்.

கடைசியாக உங்கள் ஓட்டுநர். சந்தையில் அந்தப் பெண் சொன்னதை அவரும் கேட்டார். இந்த நாடுகளில் ஓட்டுநரை வாரம் ஒரு முறை கூப்பிட்டு, எங்கே போனீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று விசாரிப்பது சாதாரணம். அவர் காட்டிக்கொடுப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டால் அவர் என்ன செய்ய முடியும்? அவருக்குத் தெரியாத விஷயத்தை அவரால் சொல்லவும் முடியாது. அடுத்த முறை சந்தை முனையில் வண்டியை நிறுத்தி, அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். அவருக்கு அதன் காரணம் புரியும். நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

இன்றிரவு அந்தப் பதினொரு பேர் பற்றிய பக்கத்தை எடுங்கள். பதினொன்று இருக்கட்டும், குளிர்காலம் இருக்கட்டும். சந்தையின் பெயரையும், அந்தப் பெண் விற்ற காய்கறியையும் வேறொரு தாளில்கூட எழுதி வைக்காமல் நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். "வேலை முடிந்தது" என்று மட்டும் போதும்.